ரைசினா குன்றின் அருங்காட்சியகம் யாருக்காக?

புதுதில்லியின் ரைசினா குன்றின் மீது எதிரெதிராக நிற்கும் நார்த் பிளாக், சவுத் பிளாக் என்னும் இரண்டு செயலகக் கட்டடங்களிலிருந்து ஒன்றிய அரசின் அமைச்சகங்களை வெளியேற்றும் பணி நடந்து வருகிறது. 2025 ஆகஸ்ட் 6 அன்று பிரதமர் திறந்து வைத்த கர்தவ்ய பவன்-3, அமைச்சகங்களுக்கெனக் கட்டப்படும் புதிய அலுவலகத் தொகுதிகளில் முதலாவதாகும். காலியாகும் இரு பழைய கட்டடங்களும் ‘யுகே யுகீன் பாரத்’ என்ற பெயரில் தேசிய அருங்காட்சியகமாக மாற்றப்படும் என்று அரசு அறிவித்துள்ளது. ஏறத்தாழ 950 அறைகள், 1.17 லட்சம் சதுர மீட்டர் பரப்பு, உலகிலேயே மிகப்பெரிய அருங்காட்சியகம் என்றெல்லாம் விளம்பரப்படுத்தப்படுகிறது. இதற்காக 2024 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டின் அருங்காட்சியக நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தமும் செய்துகொள்ளப்பட்டது.

அதிகாரம் வீற்றிருந்த கட்டடம் மக்களின் கலைக்கூடமாவதை யாரும் எதிர்க்க வேண்டியதில்லை. அது வரவேற்கத்தக்கதே. பிரெஞ்சு மன்னர்களின் லூவர் அரண்மனை 1793 ஆகஸ்ட் 10 அன்று பொதுமக்களுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முடியாட்சி வீழ்ந்த முதலாம் ஆண்டு நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட தேதி அது. ரஷ்யாவில் ஜார் மன்னர்களின் குளிர்கால அரண்மனை 1917இல் இடைக்கால அரசாங்கத்தின் இருப்பிடமாக இருந்தது. நவம்பர் 8 அதிகாலையில் அந்த அரசாங்கத்தின் அமைச்சர்கள் அங்கேயே கைது செய்யப்பட்டனர். சில நாட்களிலேயே, அரண்மனையும் ஹெர்மிடேஜ் கலைக்கூடமும் அரசு அருங்காட்சியகங்கள் என்று சோவியத் அரசின் கல்வி மக்கள் ஆணையர் லூனசார்ஸ்கி அறிவித்தார். அமைச்சர்கள் கைதான அறையில் இருந்த சிறு கடிகாரம் 2 மணி 10 நிமிடத்தில் நிறுத்தப்பட்டு, நூறாண்டுக்காலம் அப்படியே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அந்த அறையில் நடந்தது என்ன என்பதைப் பார்வையாளருக்குச் சொல்ல அந்த ஒரு கடிகாரமே போதுமானதாயிருந்தது.

தில்லியில் எழும் கேள்வியும் அதுவே. ரைசினா குன்றின் அறைகளில் என்னென்ன நடந்தன என்பதைப் புதிய அருங்காட்சியகம் சொல்லுமா, மறைக்குமா? அங்கே கொண்டு செல்லப்படவிருக்கும் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட அரும்பொருட்களின் கதி என்ன? இவ்விரண்டு கேள்விகளுக்கும் அரசிடமிருந்து இதுவரை தெளிவான பதில் இல்லை.

குன்றும் கிராமமும்

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில், இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். வங்கப் பிரிவினைக்கு எதிராக எழுந்த சுதேசி இயக்கத்தின் கொதிப்பு அடங்காத கல்கத்தாவிலிருந்து விலகி, முகலாயப் பேரரசின் பழைய தலைநகரில் தங்கள் பேரரசையும் நிலைநிறுத்திக்கொள்ள ஆட்சியாளர்கள் விரும்பினர். மூன்று நாட்கள் கழித்து வடதில்லியில் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. பின்னர் அந்த இடம் பொருத்தமில்லை என்று முடிவாகி, தேர்வு ரைசினா குன்றின் மீது விழுந்தது. நாட்டப்பட்ட கற்கள் சத்தமின்றிப் பெயர்த்தெடுக்கப்பட்டு இங்கே கொண்டு வரப்பட்டன.

குன்று ஆளற்ற பொட்டலாக இருக்கவில்லை. ரைசினா, மால்சா முதலிய கிராமங்கள் அங்கிருந்தன. 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டு அக்கிராமங்களின் விளைநிலங்களும் குடியிருப்புகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. மால்சாவிலிருந்து விரட்டப்பட்ட உழவர் குடும்பங்கள் இன்றைய ஹரியானாவின் சோனிபட் பகுதிக்குச் சென்று குடியேறின. தங்கள் முன்னோர்க்கு உரிய இழப்பீடு கிடைக்கவே இல்லை என்று அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் நூறாண்டு கடந்த பின்னரும் முறையிட்டு வந்திருக்கின்றனர். மால்சா என்ற பெயர் இன்று தில்லியின் தூதரகப் பகுதியில், பெரும் செல்வர்கள் வசிக்கும் சாலையொன்றின் பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது. விடுதலைக்குப் பிறகும் அறுபத்தாறு ஆண்டுகள் அதே 1894ஆம் ஆண்டுச் சட்டமே நாடெங்கும் உழவர்களின் நிலத்தைப் பறிக்கும் கருவியாக இருந்தது என்பதையும், 2013இல் மாற்றுச் சட்டம் வந்த பிறகு அதனை நீர்த்துப்போகச் செய்ய மோடி அரசு அடுத்தடுத்து அவசரச் சட்டங்கள் பிறப்பித்து, உழவர்களின் எதிர்ப்பால் பின்வாங்கியது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

இரு செயலகங்களையும் வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் வெள்ளையர் ஆட்சிக்கான யூனியன் கட்டடங்களை வடிவமைத்த அதே கையே ரைசினாவிலும் வேலை செய்தது. வைஸ்ராய் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸுக்கும் பேக்கருக்கும் மூண்ட சச்சரவு கட்டடக்கலை வரலாற்றில் பேர்பெற்றது. செயலகங்களும் குன்றின் உச்சியிலேயே இருக்க வேண்டும் என்ற பேக்கரின் கோரிக்கை ஏற்கப்பட்டதால் வைஸ்ராய் மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. கீழிருந்து ஏறி வருபவரின் கண்ணுக்கு ஒரு கட்டத்தில் மாளிகையே மறைந்துபோகும் வகையில் சாலையின் சரிவு அமைந்துவிட்டது. அந்தச் சரிவைக் குறித்து லட்யன்ஸ் கடைசிவரை புலம்பித் தீர்த்தார். கட்டடக்கலை நூல்கள் இந்தச் சண்டைக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகின்றன. தோல்பூரின் மணற்கல்லைச் சுரங்கங்களில் வெட்டியெடுத்தவர்களுக்கும், அதைச் சுமந்து வர இருப்புப்பாதை போட்டவர்களுக்கும், ராஜஸ்தானிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் குடும்பத்தோடு வந்து கூடாரங்களில் தங்கி மண் சுமந்த பெண்களுக்கும், கல் செதுக்கிய சிற்பிகளுக்கும் அந்நூல்களில் சில வரிகள் கிடைத்தாலே அதிகம். நார்த் பிளாக்கிலோ சவுத் பிளாக்கிலோ இந்தத் தொழிலாளர்களை நினைவூட்டும் காட்சிக்கூடம் எதுவும் கிடையாது.

கல்லில் பொறித்த அறிவுரை

பேரரசு தன்னைப்பற்றி என்ன நினைத்தது என்பதை இக்கட்டடங்களே பறைசாற்றுகின்றன. செயலகங்களின் முன்னே நிற்கும் நான்கு தூண்கள் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய டொமினியன் நாடுகளின் அன்பளிப்பு. வெள்ளையர் ஆண்ட நாடுகளுக்குத் தன்னாட்சி உண்டு, இந்தியாவுக்கு இல்லை என்பதை இந்தியரின் நிலத்திலேயே நட்டுவைத்த தூண்கள் அவை. நார்த் பிளாக்கின் வாயிலில் பொறிக்கப்பட்ட ஆங்கில வாசகம் இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. சுதந்திரம் தானாக மக்களிடம் இறங்கி வராது, மக்களே அதனை நோக்கி உயர வேண்டும், அதனை அனுபவிக்குமுன் அதற்குரிய தகுதியை ஈட்ட வேண்டும் என்பது அதன் சாரம். கொள்ளையடித்தவன் பறிகொடுத்தவனுக்குச் சொல்லும் அறிவுரை! அந்த வாயிலின் வழியேதான் சுதந்திர இந்தியாவின் நிதியமைச்சர்களும் உள்துறை அமைச்சர்களும் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நுழைந்து வந்தனர்.

அந்த அறிவுரைக்கான பதில், கட்டடங்கள் முறைப்படி திறக்கப்படும் முன்னரே வந்துவிட்டது. குன்றின் அடியில் பேக்கரே கட்டிய வட்டவடிவ மன்றத்தில், 1929 ஏப்ரல் 8 அன்று, பகத்சிங்கும் பதுகேஸ்வர் தத்தும் குண்டு வீசினர். தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையை நெரிக்கும் தொழில் தகராறு மசோதாவையும், கம்யூனிஸ்டுகளையும் தொழிற்சங்கத்தினரையும் குறிவைத்த பொதுப் பாதுகாப்பு மசோதாவையும் எதிர்த்தே, எவரையும் கொல்லும் நோக்கமின்றி அந்தக் குண்டுகள் வீசப்பட்டன. அவ்வழக்கில் இருவரையும் அடையாளம் காட்டிச் சாட்சி சொன்னவர்களுள் ஒருவர் சோபா சிங். சவுத் பிளாக்கைக் கட்டிய ஒப்பந்ததாரரும் அவரே. அவருக்குப் பின்னர் சர் பட்டமும் கிடைத்தது.

1931 பிப்ரவரியில் புதுதில்லியின் திறப்பு விழா தடபுடலாக நடந்தது. ஒரு வாரம்கூட முழுதாகக் கழியவில்லை. பிப்ரவரி 17 அன்று, சிறையிலிருந்து விடுதலையாகி வந்த காந்தி வைஸ்ராய் மாளிகையின் படிகளில் ஏறினார். மார்ச் 23 அன்று பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவரும் லாகூரில் தூக்கிலிடப்பட்டனர். பிரிட்டிஷ் பேரரசு தன் நிரந்தர இருப்பிடமெனக் கட்டிய நகரத்தில் அது பதினாறரை ஆண்டுகள் மட்டுமே வீற்றிருந்தது.

1947க்குப் பின்

விடுதலையோடு வந்த பிரிவினையில் இச்செயலகத்தின் கோப்புகள், தட்டச்சு எந்திரங்கள், மேசை நாற்காலிகள்வரை இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டன. ரொக்க இருப்பில் பாகிஸ்தானுக்குச் சேர வேண்டியதென ஒப்புக்கொண்ட தொகை 75 கோடி ரூபாய். 20 கோடி கொடுக்கப்பட்டிருந்தது. காஷ்மீரில் மோதல் மூண்ட நிலையில் மீதி 55 கோடியை நிறுத்திவைக்க இந்திய அரசு முடிவு செய்தது. 1948 ஜனவரி 13 அன்று, தலைநகரில் வெறியாட்டம் ஓய்ந்து மத நல்லிணக்கம் நிலவ வேண்டுமெனக் காந்தி உண்ணாநோன்பைத் தொடங்கினார். ஒப்புக்கொண்ட தொகையைக் கொடுப்பதென இரண்டே நாட்களில் அரசு முடிவை மாற்றிக்கொண்டது. கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் அப்போது நிதியமைச்சர். ஜனவரி 30 அன்று காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி கோட்சே நீதிமன்றத்தில் சொன்ன காரணங்களில் அந்த 55 கோடியும் ஒன்று. பிப்ரவரி 4 அன்று, சர்தார் படேல் உள்துறைக்குப் பொறுப்பு வகித்த அரசு, ஆர்எஸ்எஸ் அமைப்பைத் தடை செய்தது. ஆயுள் காப்பீட்டுத் துறையை அரசுடைமையாக்கிய 1956 ஜனவரியின் அவசரச் சட்டமும், 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கிய 1969 ஜூலை 19ஆம் தேதியின் முடிவும் இக்குன்றின் நிதியமைச்சகத்தின் வரலாற்றில் அடங்கும். 1991 ஜூலையில் ரூபாய் மதிப்பைக் குறைத்து, தாராளமயத்துக்குக் கதவைத் திறந்ததும் அதே நிதியமைச்சகமே. மிசா சட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோரைச் சிறையிலடைத்த அவசரநிலைக் காலமும், புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதத்தை ஒரே இரவில் செல்லாததாக்கிய 2016 நவம்பர் 8ஆம் தேதியும் இதே வரலாற்றின் பக்கங்கள்தாம்.

நார்த் பிளாக்கின் அடித்தளத்தில் பட்ஜெட் அச்சகம் இயங்கி வந்தது. ஆண்டுதோறும் நிதியமைச்சர் அல்வா கிண்டிப் பரிமாற, ஊழியர்கள் வெளியுலகத் தொடர்பின்றி உள்ளேயே தங்கி நாட்டின் வரவு செலவுக் கணக்கை அச்சிட்டனர். இதைக் காட்சிக்கு வைக்கக்கூட அரசுக்குத் தயக்கம் இருக்காது, அல்வா இனிப்பானதுதானே. 1948 பிப்ரவரி 4ஆம் தேதியின் தடை அறிவிக்கை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும் என்பதே தெரிய வேண்டியது. பள்ளிப் பாடநூல்களில் காந்தி படுகொலைக்குப் பின் ஆர்எஸ்எஸ் தடை செய்யப்பட்ட செய்தி 2023இல் நீக்கப்பட்டிருக்கும் நிலையில், அருங்காட்சியகத்தில் அது இடம்பெறும் என்று நம்புவதற்கு அரசு எந்த அடிப்படையையும் தரவில்லை.

மாதிரி காட்டிய வழி

2023 மே 18 அன்று தில்லியில் பன்னாட்டு அருங்காட்சியகக் கண்காட்சியைப் பிரதமர் தொடங்கி வைத்தார். புதிய அருங்காட்சியகம் எப்படி இருக்கும் என்ற கணினி வழி முன்னோட்டம் அவ்விழாவில்தான் வெளியிடப்பட்டது. அதே விழாவின் சின்னமாக, மொகஞ்சதாரோ நடனமங்கையின் ‘நவீன’ வடிவம் என்று ஓர் ஆளுயர உருவம் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்த வெண்கலச் சிலை, கருமை படர்ந்த மேனியும் கை நிறைய வளையும் இடுப்பில் ஊன்றிய கையுமாக, நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எவருக்கும் தலை வணங்காமல் நிற்பது. விழாச் சின்னத்திலோ அவளுக்கு ஆடை உடுத்தப்பட்டிருந்தது. மேனி வெளிர் நிறத்துக்கு மாறியிருந்தது. அறிஞர்களின் கண்டனத்துக்கு, அது கைவினைக் கலையைப் பின்பற்றிய சமகாலப் படைப்பு என்று அமைச்சகம் பதில் கூறியது. மூலச்சிலை இருக்கும் தேசிய அருங்காட்சியகமோ ரைசினா குன்றுக்குக் கூப்பிடு தூரத்தில், அதே அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது.

எட்டுப் பகுதிகளாக அமையவிருப்பதாகக் கூறப்பட்ட இந்த அருங்காட்சியகம், பண்டைய இந்திய அறிவு மரபில் தொடங்கி, 1947 முதலான நூறு ஆண்டுகளில் முடிகிறது. அதாவது 2047வரை. இன்னும் நடந்து முடியாத ஆண்டுகளையும் காட்சிக்கு வைக்கும் முதல் அருங்காட்சியகமாக இது இருக்கக்கூடும். நடந்து முடிந்த நூற்றாண்டுகளின் நிலைமை வேறு. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடம் அகற்றப்பட்டது. குடியரசுத் தலைவர் மாளிகையின் முகலாயத் தோட்டம் 2023இல் பெயர் மாற்றம் பெற்றது. கீழடியில் அகழாய்வு செய்த தொல்லியலாளர் 2023 ஜனவரியில் சமர்ப்பித்த 982 பக்க அறிக்கையை, 2025இல் இந்தியத் தொல்லியல் துறை திருத்தி எழுதித் தருமாறு திருப்பி அனுப்பியது. அக்பரின் அவைக்களத்தில் தீட்டப்பட்ட பாபர்நாமா ஓவியச் சுவடி தேசிய அருங்காட்சியகத்தின் விலைமதிப்பற்ற உடைமைகளில் ஒன்று. அது எந்தப் பகுதியில், என்ன விளக்கக் குறிப்போடு வைக்கப்படும்? விளக்கக் குறிப்பை எழுதப்போவது யார்? வரலாற்றறிஞர்களும் தொல்லியலாளர்களும் அடங்கிய குழுவா, விளம்பர நிறுவனமா?

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. பிரிட்டிஷ் படைத் தளபதியின் இல்லமாகக் கட்டப்பட்ட தீன் மூர்த்தி பவனில் நேரு 1948 முதல் 1964இல் மறையும்வரை வாழ்ந்தார். பின்னர் அது அவரது நினைவு அருங்காட்சியகமும் ஆய்வு நூலகமும் ஆயிற்று. 2022 ஏப்ரல் 14 அன்று அவ்வளாகத்தில் பிரதமர்களின் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நிறுவனத்தின் பெயரிலிருந்து நேருவின் பெயர் நீக்கப்பட்டது. இன்னொன்றையும் சொல்லலாம். அலகாபாத் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக இருந்த, திருவாவடுதுறை ஆதீனம் 1947இல் நேருவுக்கு அளித்த செங்கோலை, 2023 மே 28 அன்று எடுத்துவந்து புதிய நாடாளுமன்றத்தில் மக்களவைத் தலைவரின் இருக்கைக்கு அருகே நிறுவினர். முடியாட்சிச் சின்னம் அருங்காட்சியகத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றது. அன்றைய தினமே, நீதி கேட்டுப் போராடிய மல்யுத்த வீராங்கனைகளை நாடாளுமன்றத்துக்குச் சிறிது தொலைவில் காவல்துறையினர் தெருவில் இழுத்துச் சென்றனர்.

இருக்கும் அருங்காட்சியகத்தின் நிலை

தேசிய அருங்காட்சியகத்தின் பிறப்பே ரைசினா குன்றில்தான் என்பது பலர் அறியாத செய்தி. மாரிஸ் குவையர் தலைமையிலான குழு 1946இல் அதற்கான திட்டத்தை வகுத்தது. 1947-48 குளிர்காலத்தில் லண்டனில் நடந்த இந்தியக் கலைக் கண்காட்சிக்காக நாட்டின் பல அருங்காட்சியகங்களிலிருந்தும் சிலைகளும் ஓவியங்களும் அனுப்பப்பட்டன. அவை திரும்பி வந்தபோது, பிரித்து அனுப்பாமல் தில்லியிலேயே வைத்துத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வித்திட வேண்டும் என்று முடிவாயிற்று. வைஸ்ராய் மாளிகையாக இருந்த அரசு மாளிகையின் கூடங்களில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. 1949 ஆகஸ்ட் 15 அன்று அதனைத் திறந்து வைத்தவர் கவர்னர் ஜெனரல் சி. ராஜகோபாலாச்சாரி. ஆக, ஆட்சியதிகாரத்தின் மாளிகையை அருங்காட்சியகமாக்கும் எண்ணம் இன்றைய ஆட்சியாளர்களின் கண்டுபிடிப்பு அன்று. குடியரசு பிறப்பதற்கு முன்பே, உணவுத் தட்டுப்பாடும் அகதிகள் பெருக்கமும் நெருக்கிய நாட்களிலேயே அது நடந்தது.

ஜன்பத் சாலையில் தனிக் கட்டடத்துக்கு 1955 மே 12 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1960 டிசம்பர் 18 அன்று குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். பொதுப்பணித் துறையில் தலைமைக் கட்டடக் கலைஞராயிருந்த கணேஷ் தேவ்லாலிகரின் வடிவமைப்பு அது. விடுதலை பெற்ற நாடு தன் உழைப்பால், தன் பொறியாளர்களைக் கொண்டு கட்டிக்கொண்ட முதல் தேசிய அருங்காட்சியகக் கட்டடம் என்ற வகையில் அதுவும் ஒரு வரலாற்றுச் சின்னமே. சுமார் 20,000 கோடி ரூபாய் மதிப்பிலான சென்ட்ரல் விஸ்டா திட்டத்தின் வரைவில் இடிக்கப்பட வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இதுவும் இருந்தது.

லூவரை முன்மாதிரியாகச் சொல்வோர் அங்கே நடந்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும். லூவரின் ஒரு பகுதியில் பிரெஞ்சு நிதியமைச்சகம் நீண்ட காலம் இயங்கி வந்தது. 1981இல் குடியரசுத் தலைவர் மித்தரான் அதனை அங்கிருந்து வெளியேற்ற முடிவு செய்தார். 1989இல் அமைச்சகம் பெர்சியில் கட்டப்பட்ட புதிய கட்டடத்துக்குப் போயிற்று. காலியான பகுதி 1993இல் அருங்காட்சியகத்தோடு இணைந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பணி. இருந்த அருங்காட்சியகம் விரிவடைந்ததே தவிர, இடம் பெயர்க்கப்படவில்லை. தில்லியில் நடப்பது வேறு. அரும்பொருட்களைப் பாதுகாக்கவென்றே கட்டிய வீட்டைக் காலி செய்துவிட்டு, எழுத்தர்களும் கோப்புகளும் இருப்பதற்காகக் கட்டிய அறைகளுக்குள் அவை புக வேண்டும். வெப்பநிலை, ஈரப்பதம், தீத்தடுப்பு, கனமான கற்சிலைகளைத் தாங்கும் தளவலு என அனைத்தையும் நூறாண்டை நெருங்கும் கல் கட்டடத்தில் புதிதாக ஏற்படுத்த வேண்டும். சுவர்களைக் குடையாமல் இதைச் செய்வது எளிதன்று.

இடமாற்றத்தின் ஆபத்து கற்பனையன்று. 2016 ஏப்ரல் 26 அன்று, தில்லியில் முதலாளிகள் சங்கத்தின் கட்டடத்தில் இயங்கி வந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்து சாம்பலாயிற்று. ஒன்றிய அரசின் பாதுகாப்பில் இருந்த நினைவுச் சின்னங்களில் 92 காணாமல் போயிருப்பதாக 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. இடம் விட்டு நகராத கட்டடங்களையே தொலைக்கும் நிர்வாகம், பத்து சென்டிமீட்டர் சிலைகளையும் நாணயங்களையும் ஓலைச் சுவடிகளையும் பல்லாயிரக்கணக்கில் பெட்டிகளில் அடைத்து எடுத்துச் செல்லவிருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் நிழற்படத்துடன் கூடிய பொதுப் பதிவேடு தயாராகாமல் ஒரு பெட்டியும் நகரக் கூடாது.

பாரிஸ் லூவரிலிருந்து கற்க வேண்டிய வேறொரு பாடமும் உண்டு. ஆட்பற்றாக்குறையையும் கட்டுக்கடங்காத கூட்டத்தையும் எதிர்த்து 2025 ஜூன் 16 அன்று அங்கு ஊழியர்கள் வேலையை நிறுத்தினர். அக்டோபர் 19 அன்று பட்டப்பகலில், சில நிமிடங்களில், அரச குடும்ப நகைகள் கொள்ளை போயின. அரும்பொருளைக் காப்பது கண்ணாடிக் கூண்டோ கேமராவோ மட்டுமன்று. பயிற்சி பெற்ற, நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் உள்ள காப்பாளர்களும் பாதுகாப்பு ஊழியர்களும் வேண்டும். இந்தியாவின் ஒன்றிய அரசு நிறுவனங்களிலோ பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. இருப்பவை ஒப்பந்தக் கூலிக்கு விடப்படுகின்றன. 950 அறைகளைக் காவல் காப்பது யார், துப்புரவு செய்வது யார், பழுது பார்ப்பது யார் என்ற கேள்வி திட்ட விளம்பரங்களில் எங்கும் இடம்பெறவில்லை.

கேட்காமல் எடுத்த முடிவு

சென்ட்ரல் விஸ்டா திட்டம் முழுவதும் இதே போக்கில்தான் நடந்தது. 2021 ஜனவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் அதற்கு இசைவு தந்தது. மக்களிடம் உரிய தகவல்களை வைத்துக் கருத்துக் கேட்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி நீதிபதி சஞ்சீவ் கன்னா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதே ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், கொரோனாவின் இரண்டாம் அலையில் தில்லியில் மக்கள் மூச்சுக்காற்றுக்குத் தவித்து மாண்டபோது, ஊரடங்குக்கு நடுவே இத்திட்டத்தின் கட்டுமானம் இன்றியமையாப் பணி என்று அறிவிக்கப்பட்டு நடத்தப்பட்டது. நூறாண்டுக்கு முன் அதே குன்றில் மண் சுமந்தவர்களைப் போலவே, வெளிமாநிலங்களிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் நோய்க்கிடையே அங்கு வேலை செய்தனர்.

ரைசினா குன்று இன்று பாதுகாப்பு வேலிகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. சாதாரணக் குடிமகன் அங்கு செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். அருங்காட்சியகம் அந்த வேலிகளை அகற்றுமானால் அதுவே பெரும் பயன். இப்போதுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இந்தியருக்கு 20 ரூபாய் நுழைவுக் கட்டணம். தனியார் பங்கேற்பு, உலகத்தரம் என்ற பெயர்களில் அது சில நூறுகளாக உயருமானால் அரசுப் பள்ளி மாணவரும் அன்றாடக் கூலித் தொழிலாளியும் மீண்டும் வேலிக்கு வெளியேதான் நிற்பார்கள்.

ஜன்பத் கட்டடம் இடிக்கப்படாது என்று அரசு எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும். தேசிய அருங்காட்சியகத்தின் பொருட்கள் அனைத்தின் பதிவேடும், பிரெஞ்சு நிறுவனத்துடனான ஒப்பந்தத்தின் முழு வாசகமும், காட்சித் திட்டத்தை வகுக்கும் குழுவினரின் பெயர்களும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அக்குழுவில் மாநிலங்களின் தொல்லியல் துறைகளுக்கு இடம் வேண்டும். பல்கலைக்கழக வரலாற்றறிஞர்களுக்கும் இடம் வேண்டும். செயலகக் கட்டடங்களின் சொந்த வரலாற்றுக்கென்று தனிக் கூடம் ஒதுக்கி, அதில் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பறிக்கப்பட்ட நிலங்களின் ஆவணங்களும், கல்லுடைத்தோர் பற்றிய பதிவுகளும், 1948 பிப்ரவரி 4ஆம் தேதியின் அறிவிக்கையும் வைக்கப்பட வேண்டும். மூல ஆவணங்கள் வெகுதொலைவில் இல்லை. ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து குன்றுக்கு நடந்தே எடுத்துச் சென்றுவிடலாம்.